புஜ்ஜியை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்ட முடியுமா?

பிளஸ் டூ முடித்த மகன் ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ அனிமேஷன் தொடரைப் பார்த்துவிட்டு, படித்தால் அனிமேஷன்தான் படிப்பேன் என்கிறான். பயிற்சி மையத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். போதாததற்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரும் வாங்க வேண்டுமாம். என்ன செய்வது? பள்ளிக்கரணை வாசகி ஒருவரின் கேள்வி இது. மேடவாக்கம், வேளச்சேரி, தாம்பரம் பக்கம் இன்னும் பல வீடுகளில் இதே பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும். அந்தத் தொடரையே எடுத்துக்கொண்டு, இப்படிப்பட்ட ஒன்று எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். பதிலில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

நாக் அஸ்வின் இயக்கிய ‘கல்கி 2898 ஏ.டி.’ படம் 2024 ஜூன் 27-ல் வெளியானது. அதற்குச் சரியாக 27 நாட்கள் முன்பு, மே 31-ல், அமேசான் பிரைம் வீடியோவில் வந்ததுதான் ‘புஜ்ஜி அண்ட் பைரவா’. ‘சோட்டா பீம்’ தந்த ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனம் அனிமேஷன் வேலையைச் செய்தது. பகுதி ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மணி நேரம். வறண்டுபோன எதிர்காலக் காசியில் பணத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் பைரவாவும், ஒரு சரக்குக் கலத்தின் செயற்கை மூளையாக இருந்து உடலை இழந்த புஜ்ஜியும் எப்படிக் கூட்டு சேர்ந்தார்கள் என்பதுதான் கதை. அதாவது, படம் தொடங்கும் முன் நடந்தது.

படத்துக்கும் படத்துக்கும் இடையே உள்ள சந்தை அனிமேஷனால் அடைப்பது பழைய உத்திதான். ‘ஸ்டார் வார்ஸ்’ 2002-ல் ஒரு படம், 2005-ல் அடுத்த படம் என்று வந்தபோது, நடுவே 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ‘குளோன் வார்ஸ்’ வந்தது. ஆரம்பப் பகுதிகள் வெறும் 3 நிமிடம்தான். நம் நாட்டில் ‘பாகுபலி’யை வைத்து 2017-ல் ஒரு அனிமேஷன் தொடர் வந்தது. ஆனால் அது ராஜா கதை. எந்திரமும் செயற்கை மூளையும் கொண்ட ஒரு இந்தியப் படத்துக்கு முன்கதையாக வந்தது என்று பார்த்தால் புஜ்ஜியின் தொடரைத்தான் சொல்ல வேண்டும்.

இனி வண்டிக்கு வருவோம். புஜ்ஜி வெறும் படம் அல்ல. முன்னால் இரண்டு ராட்சதச் சக்கரம், பின்னால் ஒன்று என்று நிஜமாகவே ஓடும் வண்டியைச் செய்தார்கள். அதற்கான மோட்டார், பேட்டரி விஷயங்களில் உதவியது நம் பக்கத்து மகேந்திரா ரிசர்ச் வேலி. பள்ளிக்கரணையிலிருந்து தாம்பரம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால், செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் மகேந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் இருக்கிறது. வண்டியைக் கட்டுவதில் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்துகொண்டது. எடை சுமார் 6 டன், நீளம் 6 மீட்டருக்கு மேல், பேட்டரி 47 கிலோவாட் மணி, மோட்டார் திறன் 94 கிலோவாட் என்று அப்போது செய்திகள் வந்தன. 94 கிலோவாட் என்றால் சுமார் 126 குதிரைத்திறன். சாதாரண எஸ்.யூ.வி. காருக்கு இருக்கும் திறன்தான். அதை வைத்துக்கொண்டு 6 டன்னை நகர்த்தியிருக்கிறார்கள்!

சினிமாவில் நிஜ வண்டி ஓடினால் எடை தானாகத் தெரியும். டயர் நசுங்கும், பிரேக் போட்டால் மூக்கு தாழும். கார்ட்டூனில் கோடும் வண்ணமும் மட்டும்தானே இருக்கின்றன? 6 டன்னை எங்கே காட்டுவது? ஃபிரேம் கணக்கில்தான். ஒரு வண்டி 4 ஃபிரேமில் சட்டென்று நின்றால் அது தீப்பெட்டி. அதே வண்டி 20 ஃபிரேம் எடுத்து, முன்பக்கம் தாழ்ந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து நின்றால் கனமான வாகனம். படம் ஒன்றேதான், நேரம்தான் வேறு. அனிமேஷன் படிப்பு என்றால் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

எத்தனை படம் வேண்டும்?

விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், 15 நிமிடப் பகுதிக்கு 21,600 ஃபிரேம். ஒவ்வொன்றையும் கையால் வரைந்தால் கட்டுப்படியாகாது. அதனால் டிவி தொடர்களில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். 10,800 ஆகிவிடும். மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 7,200. பேசும்போது உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் மாற்றுவதும் இந்தச் சிக்கனத்தில் சேர்ந்ததே.

மனிதர்களைக் கையால் வரைந்துவிடலாம். வண்டிதான் தொல்லை. திரும்பும் சக்கரத்தை ஒவ்வொரு கோணத்திலும் பிசகாமல் வரைவது பெரிய சோதனை. எனவே பல தொடர்களில் வண்டியை மட்டும் முப்பரிமாண மாடலாகச் செய்து, வண்ணத்தை இரண்டு மூன்று பட்டைகளாகக் குறைத்து, கையால் வரைந்தது போலக் காட்டுவார்கள். செல் ஷேடிங் என்பது இதன் பெயர்.

சினிமாவுக்காகச் செய்த மாடலை அப்படியே தொடரில் போட்டுவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஆணி, கீறல், துரு என்று சினிமா மாடலில் இருக்கும் நுணுக்கம் ரெண்டரிங் நேரத்தைத் தின்றுவிடும். ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் ஆனால் 21,600 ஃபிரேமுக்கு 720 மணி நேரம். ஒரே கம்ப்யூட்டர் என்றால் இரவு பகலாக 30 நாள். அதுவே 10 விநாடியில் முடிந்தால் இரண்டரை நாள். 2008-ல் வந்த முப்பரிமாண ‘குளோன் வார்ஸ்’ தொடரில் முகங்கள் மரத்தில் செதுக்கிய பொம்மை போல இருக்கும், கவனித்திருப்பீர்கள். ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்ற பழைய பொம்மைத் தொடரை மனதில் வைத்துத் தெரிந்தே அப்படிச் செய்தார்கள். எதை விடுவது என்பதும் ஒரு கலைதான்.

இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். கீர்த்தி சுரேஷ் குரல் கொடுத்த புஜ்ஜிக்கு மனித முகம் கிடையாது. உதடு அசைய வேண்டிய அவசியமே இல்லை! எந்த மொழியில் டப்பிங் செய்தாலும் ஒட்டாமல் போகாது. ஹெல்மெட் போட்ட குளோன் வீரர்களிடமும் இதே வசதி உண்டு.

வீட்டிலேயே செய்து பார்க்க

பிளெண்டர் என்ற சாஃப்ட்வேர் முற்றிலும் இலவசம். பிளெண்டர் டாட் ஆர்க் தளத்தில் டவுன்லோட் செய்துகொள்ளலாம். ஓரளவு புதிய கம்ப்யூட்டரும் 8 ஜிபி ராமும் இருந்தால் பழகப் போதும். இலவசம் என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 2025-ல் ஆஸ்கார் வாங்கிய ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் இதில் உருவானதுதான்.

திறந்ததும் திரையில் ஒரு கனசதுரம் இருக்கும். அதுதான் இன்றைக்கு உங்கள் புஜ்ஜி. மவுஸை அதன் மேல் வைத்து ஐ கீயை அழுத்துங்கள். முதல் ஃபிரேமில் அதன் நிலை பதிவாகும். (பழைய வெர்ஷனில் ஒரு மெனு வரும். அதில் லொகேஷன் அண்ட் ரொட்டேஷனைத் தேர்ந்தெடுங்கள்.) கீழே டைம்லைனில் 30-வது ஃபிரேமுக்குப் போங்கள். ஜி, எக்ஸ், 8, என்டர். பெட்டி முன்னால் நகரும். பிறகு ஆர், ஒய், 6, என்டர். மூக்கு தாழும். மீண்டும் ஐ. அடுத்து 22-வது ஃபிரேமுக்கு வந்து ஆல்ட்டுடன் ஆர் அழுத்திச் சாய்வை நீக்கி ஐ. கடைசியாக 36-க்குப் போய் அதையே செய்யுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பெட்டி ஓடி வந்து, பிரேக் போட்டு, தாழ்ந்து நிமிரும். இப்போது 22, 30, 36 என்ற எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதே பெட்டி ஒரு முறை லாரி, ஒரு முறை தெர்மோகோல். இதில் ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்தால் பையனுக்கு ஆர்வம் உண்மை. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டால், அவனுக்குப் பிடித்தது தொடர்தானே தவிரத் தொழில் அல்ல.

வீடியோவாக மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. நேரடியாக வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்யாதீர்கள். பிஎன்ஜி படங்களாகச் சேமியுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவரை முடிந்த படங்கள் பத்திரமாக இருக்கும். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட் டிக்கை எடுத்துவிட்டால், மறுபடி ஓடவிடும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேலைவாய்ப்பு பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மும்பையின் 88 பிக்சர்ஸ் 2023-ல் ‘ஸ்டார் வார்ஸ் விஷன்ஸ்’ வரிசைக்கு ஒரு முழுப் பகுதியைச் செய்து கொடுத்தது. திறமைக்கு இடம் இருக்கிறது. அதே சமயம் 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நொடித்துப்போனதில், பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலை இழந்தார்கள். நம்மூர் ஆட்களின் குறை எதுவும் இல்லை. வெளிநாட்டு ஆர்டரை நம்பிய தொழில். அங்கே கதவு மூடினால் இங்கேயும் மூடும்.

எனவே முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டையும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் மகன் ஐந்து விநாடிக் காட்சிகள் பத்து செய்யட்டும். அவற்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போங்கள். ரிசப்ஷனில் பேசிவிட்டு வந்துவிடாமல், பாடம் நடத்துபவரையே பார்த்து, “இதில் எந்த ஃபிரேமை மாற்றினால் நன்றாக வரும் சார்?” என்று கேளுங்கள். காட்சியை ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணைச் சொன்னால் அங்கே சேர்க்கலாம்.