மொட்டைக் கடுதாசி போய் இன்டர்நெட் முக்காடு வந்தது!
காசு இல்லாமல் செல்போனிலேயே போடலாம். கவனம் தப்பினால் மாட்டிக்கொள்வீர்கள்

தஞ்சை,

"ஆத்துல மணல் அள்ளுறாங்க. புகார் எழுதலாம்தான். ஆனா நம்ம பேரு வெளியே தெரிஞ்சா?"

காவிரி, கொள்ளிடக் கரை ஊர்களில் டீக்கடை பெஞ்சில் அடிக்கடி எழும் கேள்வி இது.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. அதுதான் மொட்டைக் கடுதாசி! இடது கையால் எழுதுவார்கள். திருவையாறு ஆசாமி பஸ் ஏறிப் போய் திருச்சியில் தபால் பெட்டியில் போடுவார். உள்ளூரில் போட்டால் தபால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடுமே!

இப்போது எல்லாம் செல்போன். ஆனால் இன்டர்நெட்டிலும் ஒரு 'தபால் முத்திரை' உண்டு. அதன் பெயர் ஐ.பி. முகவரி. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அங்கே இது பதிவாகும். அதை வைத்து செல்போன் கம்பெனியில் விசாரித்தால், சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்பது வெளிவந்துவிடும்.

வீண் பயமா?

இல்லை. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றி போலீசில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25-ந்தேதி பட்டப்பகலில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் 2 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

தஞ்சைக்குப் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே திருமயம் பகுதியில் கல் குவாரிகள் மீது புகார் கொடுத்து வந்தவர் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17-ந்தேதி லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்றார்கள். பிறகு கொலை வழக்கானது. குவாரி நடத்தியவர்களும் கைதானார்கள்.

இருவருமே சொந்தப் பெயரில் புகார் கொடுத்தவர்கள்!

பிரவுசிங் சென்டர் போனால்?

அங்கேயும் தப்ப முடியாது. 2011-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அடையாள அட்டை காட்ட வேண்டும். யார் வந்தார், எந்த வெப்சைட் பார்த்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

சிலர் 'இன்காக்னிட்டோ' போட்டுப் பார்க்கிறார்கள். அது வீட்டில் உள்ளவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் உதவும். எந்த வெப்சைட்டுக்குப் போனீர்கள் என்பது செல்போன் கம்பெனிக்குத் தெரியும்.

வி.பி.என். என்பது இன்னொரு வழி. ஆனால் இதை நடத்தும் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரியை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. உடனே எக்ஸ்பிரஸ் வி.பி.என். போன்ற சில கம்பெனிகள் இந்தியாவிலிருந்து சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

மூன்று கவர் வித்தை

மீதி இருப்பது 'டார்'. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் 1990-களில் பிறந்த யோசனை இது. 2006 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது. காலணா செலவில்லை.

ஒரு கடிதத்தை ஒன்றுக்குள் ஒன்றாக 3 கவரில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் மேல் கவரைப் பிரித்து அடுத்த ஆளிடம் தருவார். அவர் இரண்டாவதைப் பிரித்து மூன்றாவது ஆளிடம் தருவார். மூன்றாவது ஆள் உரிய இடத்தில் சேர்ப்பார். அனுப்பியவரைத் தெரிந்தவருக்குப் போய்ச் சேரும் இடம் தெரியாது. இடம் தெரிந்தவருக்கு அனுப்பியவரைத் தெரியாது! வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக இருப்பதால் இதன் சின்னமும் வெங்காயமே.

போடுவது எப்படி?

ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் 'டார் பிரவுசர்' என்று தேடுங்கள். 'தி டார் புராஜெக்ட்' வெளியிட்டதுதானா என்று பார்த்து இறக்குங்கள். போலிகள் இருக்கலாம். திறந்து 'கனெக்ட்' பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. ஐபோனுக்கு 'ஆனியன் பிரவுசர்'. கம்ப்யூட்டருக்கும் டார் உண்டு.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டியிருந்தால் 'டெயில்ஸ்' இருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கலாம். பிடுங்கிவிட்டால் தடயம் இருக்காது.

சுற்று வழியில் போவதால் வேகம் குறையும். அவசரப்படக் கூடாது.

மாட்டிக்கொள்வது எப்படி?

டாரில் போய் சொந்த பேஸ்புக், ஜிமெயிலில் நுழைந்தால் முக்காட்டை நாமே விலக்கிய கதைதான். பல புகார் பக்கங்கள் செல்போன் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்கும். கொடுத்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். மணல் லாரியை எடுத்த போட்டோவுக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

நீங்கள் டார் பயன்படுத்துவது செல்போன் கம்பெனிக்குத் தெரியும். எதைப் பார்த்தீர்கள் என்பதுதான் தெரியாது. 2013-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். அந்த நேரத்தில் கல்லூரி வைபையில் டார் போட்டது யார் என்று தேடியே அவரைப் பிடித்துவிட்டார்கள்!

சட்டப்படி தப்பா?

டாரைப் பயன்படுத்தக் கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஆனால் மிரட்டல், மோசடி செய்தால் குற்றம் குற்றமே.

எழுதுமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். சொல்லப்போகும் விஷயம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 3 பேருக்கு மட்டும்தான் தெரியும் என்றால், எழுதியது யார் என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டரே தேவையில்லை!