தீக்குச்சியை நனைச்சா பேட்டன்ட் கிடைக்குமா?

ஒரு தீக்குச்சியைப் பத்த வச்சு ஊதி அணைங்க. நல்ல குச்சின்னா கங்கு சட்டுனு அடங்கிடும். குச்சியை பாஸ்பேட் கரைசல்ல நனைச்சுக் காயவைக்கிறதுதான் காரணம். எங்க விருதுநகர், சிவகாசிப் பக்கம் பொழப்பே தீப்பெட்டியும் பட்டாசும்தான். அதனால இதுலேர்ந்தே தொடங்குவோம்.

ஒருத்தர் வந்து, "பாஸ்பேட்டுக்குப் பதிலா வேற உப்புல நனைச்சேன், பேட்டன்ட் குடுங்க"ன்னு கேட்கிறார்னு வச்சுக்கோங்க. மரம் கனலாம தடுக்க அந்த உப்பு உதவும்ங்கிறது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம். ஆனா தீக்குச்சியில யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அப்போ புதுசுதான். ஆனா புதுசா இருந்தா மட்டும் போதாது. துறை தெரிஞ்ச ஒருத்தருக்கு இயல்பா தோணக்கூடியதாவும் இருக்கக் கூடாதுன்னு நம்ம காப்புரிமைச் சட்டம் சொல்லுது.

அந்த 'ஒருத்தர்' யாரு? நான் இல்லை, கோட் எழுதுற எனக்கு எல்லா உப்பும் ஒண்ணுதான். நோபல் விஞ்ஞானியும் இல்லை. தொழிலை நல்லாத் தெரிஞ்ச ஒரு சாதாரண கெமிஸ்ட். விண்ணப்பத் தேதிக்கு முன்னாடி அவர்கிட்ட "கங்கு நிக்குதே, என்ன செய்யலாம்?"னு கேட்டா, பலன் கிடைக்கும்ங்கிற நம்பிக்கையோட அந்த உப்பை எடுத்திருப்பாரா? ஆமான்னா, பேட்டன்ட் கிடையாது.

1978-ல இதுதான் நடந்துச்சு. பாத்திரம் செய்யுற ஒரு முறைக்கு வாங்கின பேட்டன்ட், பிஷ்வநாத் பிரசாத் வழக்குல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பழைய முறையில செஞ்ச சாதாரண பட்டறைத் திருத்தம்தான்னு சொல்லி, செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு.

ஆனா உஷார்! விடையைப் பார்த்தப்புறம் எல்லாமே சுலபமாத்தான் தெரியும். மூணு நாள் தேடின பக்குக்கு ஒரு வரி ஃபிக்ஸ் போட்டா, ரிவியூல "இவ்ளோதானா?"ன்னு கேட்பாங்கல்ல, அதே தப்பு. அந்த உப்பால மெழுகே இல்லாம, ஐப்பசி ஈரத்துலயும் குச்சி பத்திக்குதுன்னா? யாரும் எதிர்பார்க்காத பலன் அது. அப்போ தராசு விண்ணப்பதாரர் பக்கம் சாயும்.

2018-ல நீரி பசுமைப் பட்டாசைக் கொண்டுவந்ததிலேர்ந்து கலவைதான் இங்க பேச்சு. வெறுமனே ரெண்டைக் கலந்து, ரெண்டோட தனிக் குணம் மட்டும் கிடைச்சா, 3(இ) பிரிவு பேட்டன்ட்டைத் தடுக்கும். ஆனாலும், சின்னப் பட்டறைகள் வருஷக்கணக்கா செய்யுறதை யாரோ 20 வருஷத்துக்குப் பூட்டிட்டா? விண்ணப்பம் வெளியானதும், பேட்டன்ட் தர்றதுக்கு முன்னாடி, யார் வேணா எதிர்க்கலாம். அதுக்கு "எங்க தாத்தா காலத்துலேர்ந்து செய்யுறோம்"னு வாயால சொன்னா பத்தாது. தேதி போட்ட பில்லும், வித்த சரக்கோட கணக்கும் வேணும். அதனால, பழைய பில் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒருதரம் யோசிங்க.