திரும்பிப் பாயும் தீ

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் எந்த டீக்கடையிலும் இது நடக்கலாம். கேஸ் அடுப்பைச் சின்னதாக்கியதும் 'டப்' என்று ஓர் ஓசை. பர்னர் துளைகளில் நீலமாக நின்ற தீ உள்ளே போய்க் குழாய்க்குள் உறுமுகிறது. கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் திருகை மூடித் திறக்கிறார்; சரியாகிவிடுகிறது. மின் நிலைய டர்பைனில் இது நடந்தால் சில நொடிகளில் பர்னரே உருகிப்போகலாம்.

காரணம் ஒன்றுதான்: கலவை வெளியே வரும் வேகத்தைத் தீயின் வேகம் மிஞ்சிவிடுகிறது. அசையாத கலவையில் மீத்தேன் தீ நொடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர் நகரும். ஹைட்ரஜன் தீ? சுமார் 3 மீட்டர்.

அப்படியானால் எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே ஏன் கலக்க வேண்டும்? நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. அது உருவாக்கும் கிரையோஜெனிக் எஞ்சினிலும் ஹைட்ரஜன்தான் எரிபொருள். ஆனால் அங்கே ஆக்சிஜன் தனி வழியில் வந்து, எரியும் அறைக்குள் நுழைந்த பிறகே ஹைட்ரஜனைச் சந்திக்கிறது. தீ திரும்பிப் போகக் கலவையே கிடையாது.

மின் நிலையங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. தனித்தனியே விட்டு எரித்தால் தீயின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தொட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனே நச்சு ஆக்சைடாகிறது. அதிகக் காற்றுடன் முன்பே கலந்து எரித்தால் சூடு குறைகிறது, புகையின் நஞ்சும் குறைகிறது. ஆனால் கலக்கும் குழாய் முழுவதும் பற்றக் காத்திருக்கும் வாயு.

அந்த மெலிந்த தீ அணையாமல் நிற்கத்தான் சாய்ந்த தகடுகளால் காற்றைச் சுழற்றுகிறார்கள். சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து, சூடான வாயு பின்னோக்கி வந்து புதிய கலவையைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கிறது. வில்லங்கமும் அங்கேதான். கலவை போதுமான வேகத்தில் பாய்ந்தாலும், தீ தன் வெப்பத்தாலேயே சுழலைக் குலைத்து, நடுவில் பின்னோட்டத்தை வளர்த்து, அதில் ஏறிக் குழாய்க்குள் நுழைந்துவிடும் என்பதை ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாட்டல்மேயரின் குழு 2000-களில் காட்டியது. சுவரோரம் காற்று மந்தமாக நகர்வதால் அது இன்னொரு கள்ள வழி.

எரிகலன் தானாகவே அதிர ஆரம்பித்தாலும் ஆபத்துதான். வேகம் ஏறி இறங்கும்போது தீ உள்ளே நழுவுகிறது. அந்த அதிர்வு முற்றுவதற்கு முன்பே, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து அதைக் கண்டுபிடிக்கும் வழிகளைத் தந்திருக்கிறது சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர்.ஐ. சுஜித்தின் குழு.

இதெல்லாம் ஆய்வுக்கூடச் சங்கதி அல்ல. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் ஒரு பங்கு டர்பைனுக்கு வந்தாலும், இயற்கை வாயுவுக்கென்று செய்த பர்னர் தாங்காது.

ஜப்பானின் கோபே நகரில் கவாசாகி நிறுவனம் 2018-ல் முழு ஹைட்ரஜனில் டர்பைனை ஓட்டியது. நஞ்சைக் குறைக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டியிருந்தது. 2020-ல் தண்ணீரும் இல்லாமல் ஓட்டிக் காட்டியது. முன்கலவைக் குழாய் அதில் கிடையாது. நுண்ணிய துளைகள் ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் காற்றைத் தொட்ட இடத்திலேயே எரிகிறது. தீ மிகச் சிறியது என்பதால், நஞ்சு உருவாக நேரமும் கிடைப்பதில்லை.