பாட்டு வழியே ஒரு மொழி



மத்ரஸாவில் அரபு இலக்கணம் ஓதியோர் ‘அல்ஃபிய்யா’ எனும் நூலை அறிவர். இலக்கண விதிகளை ஏறத்தாழ ஆயிரம் பாக்களில் அடக்கிய நூல் அது. அதை இயற்றிய இமாம் இப்னு மாலிக், ஸ்பெயினின் ஹாயென் நகரில் பிறந்து, 1274-இல் திமிஷ்கில் மறைந்தவர். உரைநடையில் படித்த விதி மறந்துபோகும். பாட்டாக ஓதிய விதி நாவில் தங்கிவிடும். இது நான் மாணவப் பருவத்தில் கண்ட அனுபவம்.

அந்த ஸ்பெயினின் இன்றைய மொழியையும் பாட்டு வழியே கற்கலாம் என்பதை என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு உணர்த்தினார்.

அவர் மாட்ரிட் நகர உணவகமொன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிகிறார். ஸ்பானிய இலக்கண நூலைத் திறந்தவர், வினைச்சொற்களின் அட்டவணையைக் கண்டு மலைத்து மூடிவிட்டார். மூன்று மாதங்கள் புன்னகையும் தலையசைப்புமே அவருடைய மொழியாக இருந்தன. உடன் பணிபுரிந்த டொமினிக்கன் குடியரசுத் தோழர் ஒருவர் பாத்திரம் துலக்கும்போது எப்போதும் ஒரே பாட்டை முணுமுணுப்பாராம். அதன் முதற்சொல் நம்மவரின் செவியை ஈர்த்தது. ‘ஒஹலா’ என்பதே அச்சொல்.

ஒரு சொல்லின் வரலாறு

‘அல்லாஹ் நாடினால்’ எனும் பொருளுடைய ‘லவ் ஷா அல்லாஹ்’ என்ற அந்தலூசிய அரபுத் தொடரே தேய்ந்து ‘ஒஹலா’ ஆயிற்று. ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி 1492-இல் முடிவுற்றது. சொல்லோ இன்றும் வாழ்கிறது. ஸ்பானியர் அனைவரும் சமய வேறுபாடின்றி, ‘அவ்வாறு நிகழட்டும்’ என விழையும்போது இதனையே மொழிகின்றனர்.

அந்தப் பாட்டு, டொமினிக்கன் கலைஞர் ஹுவான் லூயிஸ் கெர்ரா 1989-இல் வெளியிட்ட ‘ஒஹலா கே யுவேவா காஃபே’. ‘காப்பி மழை பொழியட்டும்’ என்பது தலைப்பின் பொருள். வயலில் வாடும் ஏழை உழவர்களின் துயர் தீர, வானம் உணவையே பொழியாதா என ஏங்கும் பாட்டு இது.

தலைப்பே பாடம்

‘யுவேவே’ என்றால் ‘மழை பொழிகிறது’. ஒஹலாவை அடுத்து வரும்போது அது ‘யுவேவா’ ஆகிறது, அதாவது ‘பொழியட்டும்’. நம் தமிழின் வியங்கோளைப் போன்றதே இவ்வடிவம். ‘ஏ’ ஈறு ‘ஆ’ ஆகும். ‘ஆ’ ஈறு ‘ஏ’ ஆகும். ‘மெஹோரா’ என்றால் ‘குணமடைகிறார்’. ‘மெஹோரே’ என்றால் ‘குணமடையட்டும்’. பல பக்க அட்டவணையின் சாரம் இவ்வளவே!

பாட்டில் வரும் பெயர்ச்சொற்களைப் பால் காட்டும் அடைச்சொல்லுடன் சேர்த்தே குறித்துக்கொள்க. ‘எல் அர்ரோஸ்’ (அரிசி) ஆண்பால். ‘லா மியேல்’ (தேன்) பெண்பால். ஈற்றெழுத்தைக் கொண்டு ‘மியேல்’ எப்பால் எனக் கணிக்க இயலாது. அடைச்சொல்லோடு மனனம் செய்தால் ஐயம் எழாது. ‘அர்ரோஸ்’ என்பதும் ‘அர்ருஸ்’ எனும் நம் அரபுச் சொல்லே. ‘காஃபே’யின் மூலமோ ‘கஹ்வா’!

எச்சரிக்கை

பாட்டு, சொற்களைக் குறுக்கும். ‘பாரா’ (பொருட்டு) என்பது இப்பாட்டில் ‘பா’ என்றே ஒலிக்கிறது. டொமினிக்கன் மக்கள் சொல்லிறுதி ‘ஸ்’ ஒலியையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவர். எனவே கேட்டதை அப்படியே எழுதாமல், முழு வடிவத்தை அருகில் குறித்துக்கொள்ள வேண்டும். இசையை விரும்பாத இல்லத்தார் வரிகளைக் கவிதையாக வாசிக்கலாம். உச்சரிப்பை மட்டும் மொழியறிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்க.

ஒருநாள் அந்த டொமினிக்கன் தோழர் பாடாமல் நின்றார். ஊரில் அவருடைய தாயாருக்கு நோய் கடுமையாகிவிட்டதாம். நம் மாணவர் அருகே சென்று, ‘ஒஹலா செ மெஹோரே து மாத்ரே’ என்றார். ‘உன் தாய் குணமடையட்டும்’ என்பது பொருள். அந்நிய மண்ணில் பிழையின்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவே.

தோழர் அவரைத் தழுவிக்கொண்டாராம்.

அட்டவணையைக் கண்டு அஞ்சி நூலை மூடிவிட்ட பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கக்கூடும். அவர்கள் கையில் ஒரு நல்ல பாட்டைக் கொடுத்துப் பாருங்கள்.