தட்டைப் பார், துப்பாக்கியைப் பார்க்காதே

2024 ஜூலை 29. பாரிஸ் ஒலிம்பிக் என்று பெயர் இருந்தாலும் துப்பாக்கி சுடும் போட்டிகள் பாரிஸில் நடக்கவில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தள்ளி ஷாத்தோரூ என்ற ஊரில் நடந்தன. ஆண்கள் ட்ராப் பிரிவில், அதாவது பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டியில், அன்று ஆளுக்கு 75 தட்டுகள். பிருத்விராஜ் தொண்டைமான் 68 தட்டுகளை உடைத்தார், ஏழைத் தவறவிட்டார். ஒலிம்பிக் ட்ராப்பில் ஒரே நாளில் ஏழு போனால் கதை முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் மிச்சம் 50 தட்டுகள். ஐம்பதையும் உடைத்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. மொத்தம் 125க்கு 118, 21-வது இடம். முதல் ஆறு பேருக்குத்தான் இறுதிச் சுற்று என்பதால் ஊர் திரும்பினார்.

திருச்சியில் யாரிடமாவது பிருத்விராஜ் யார் என்று கேட்டால், “நம்ம மேயரம்மா மகன்” என்பார்கள். திருச்சி மாநகராட்சியின் மேயராக இருந்த சாருபாலா தொண்டைமானின் மகன், புதுக்கோட்டை அரச குடும்பத்து வாரிசு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1974-ல் தனி மாவட்டம் ஆகும்வரை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் இரண்டு ஊரும் அவரைச் சொந்தம் கொண்டாடுவதில் தப்பில்லை. 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கினான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து 361 புள்ளிகளில் அணித் தங்கம் வாங்கினார். அந்த 361-ல் அவருடைய பங்கு 119.

ஒரே கண், ஒரே கை. ஒரு நாள் ஏழு தப்புகிறது, மறுநாள் ஒன்றும் தப்பவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பது அவருக்கும் அவர் பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனால் இந்த விளையாட்டில் ‘குறி’ என்பது ராத்திரியில் கூடிக் காலையில் குறைகிற சரக்கு அல்ல என்பது மட்டும் நிச்சயம். அப்படியானால் கூடுவதும் குறைவதும் எது?

ட்ராப் மைதானத்தில் சுடுபவர் நிற்பதற்கு வரிசையாக ஐந்து மேடைகள். அவற்றுக்கு 15 மீட்டர் முன்னால் தரையோடு தரையாக ஒரு பதுங்குகுழி. அதற்குள் மேடைக்கு மூன்றாக 15 எறி இயந்திரங்கள். சுடுபவர் குரல் கொடுத்த கணமே மைக் அதைக் கேட்டு, அவர் முன்னுள்ள மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து தட்டைக் கிளப்பிவிடும். களிமண் தட்டு என்றுதான் பெயர். ஆனால் அது சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் சேர்த்து வார்த்தது. விட்டம் 11 சென்டிமீட்டர், எடை 105 கிராம். ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். இந்தத் தட்டு அதைவிட நாலு மீட்டர் கூடுதலாகப் போய் விழும். இடமும் வலமுமாக 45 டிகிரிவரை விலகும். 25 தட்டு கொண்ட ஒரு ரவுண்டில் பத்து இடம், பத்து வலம், ஐந்து நேர் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது எது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

கையில் இருப்பது 12 போர் இரட்டைக்குழல் ஷாட்கன். தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை, கிட்டத்தட்ட 300 மணிகள். ஒரு தட்டுக்கு இரண்டு வெடி அனுமதி. முந்நூறு மணி சிதறிப் போகிறதே, அதில் ஒன்றுகூடவா படாது என்று தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ரவை குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 400 மீட்டரை ஒட்டிய வேகம். காற்று தடுப்பதால் போகப்போகக் குறையும். 35 மீட்டர் தூரத்தைக் கடக்கப் பத்தில் ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஓரமாக விலகிப் போகும் தட்டு அந்த இடைவெளியில் குறுக்குவாக்கில் ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். குழலின் வாய் இறுக்கமாக, அதாவது ஃபுல் சோக்காக இருந்தால், அந்தத் தூரத்தில் ரவை பரவும் வட்டம் முக்கால் மீட்டர் அகலம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு முழம்கூட வராது. தட்டு இருக்கும் இடத்தை மிகச் சரியாகக் குறிபார்த்துச் சுட்டால், ரவை முழுவதும் தட்டுக்குப் பின்னால் வெறும் காற்றில் போகும்.

திருச்சிக்குத் துப்பாக்கி புதிதல்ல. நவல்பட்டுப் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து இயங்குகிறது. கே.கே.நகர் ஆயுதப்படை வளாகத்தில் மாநகரக் காவல் துறையின் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநில அளவிலான போட்டிக்கு நடிகர் அஜித்குமார் அங்கே வந்தபோது, துப்பாக்கி சுடுவது ஒரு விளையாட்டு என்பதே பலருக்கு அன்றுதான் உறைத்தது. ஆனால் இந்த ஊர் அறிந்த குறி ரைஃபிள் குறி, பிஸ்டல் குறி. மூச்சை அடக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, முன்முனையையும் பின்முனையையும் நேராக்கி, விசையை நோகாமல் அழுத்துவது. அந்தப் பழக்கத்தோடு ஷாட்கன் எடுப்பவர் ஒன்றும் தெரியாதவரைவிட மோசமாகச் சுடுவார். காரணம், அவர் ‘சரியாக இருக்கிறதா’ என்று ஒரு கணம் உறுதி செய்துகொள்கிறார். அந்த ஒரு கணத்தில் துப்பாக்கி நின்றுவிடுகிறது. தட்டு நிற்பதில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் நகர்கிற டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன் கம்பியைப் பார்ப்பானே தவிரத் தன் காலைப் பார்ப்பதில்லை. ஷாட்கன் வித்தையும் அதுதான். கண் தட்டின் மேல், முடிந்தால் தட்டின் முன் விளிம்பின் மேல். குழல் முனையில் இருக்கும் சின்ன மணி ஓரப்பார்வையில் மங்கலாகத் தெரிந்தால் போதும். அதைத் தேடிப் பார்வை பின்னே வந்தால் தட்டு தப்பியது என்று எழுதிவிடலாம்.

ஆக, குறியைக் கூட்ட நினைப்பவர் முதலில் சோதிக்க வேண்டியது தன் கண்ணை. இரண்டு கண்ணில் எது தலைமைக் கண் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அம்மா மண்டபம் படித்துறையில் நின்று, இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு துவாரம் விட்டு, இரு கண்ணும் திறந்தபடி உச்சிப்பிள்ளையார் கோயிலை அந்தத் துவாரத்துக்குள் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கோயில் காணாமல் போகிறதோ அதுதான் தலைமைக் கண். வலது தோளில் துப்பாக்கி வைப்பவருக்கு இடது கண் தலைமையாக இருந்தால், மாதக்கணக்கில் சுட்டாலும் ரவை இடப்பக்கமே ஒதுங்கும், காரணமும் பிடிபடாது. தோளை மாற்றுவது நல்ல தீர்வு. இடது கண்ணாடியில் ஒரு சிறு துண்டு மங்கல் நாடா ஒட்டிக்கொள்வது பலர் செய்யும் தீர்வு.

அடுத்தது துப்பாக்கியின் கட்டை. ரைஃபிளில் இருப்பதுபோல் இதில் பின்முனைக் குறி கிடையாது, சுடுபவரின் கண்ணே பின்முனை. கன்னம் கட்டையில் படியும் இடம் அரை விரற்கடை உயர்ந்தால் ரவை தட்டுக்கு மேலே போகும், தாழ்ந்தால் கீழே. அதனால்தான் பெராட்சி, பெரெட்டா போன்ற இத்தாலியத் துப்பாக்கிகளில் கட்டையை ஆளுக்கு அளவெடுத்து அமைக்கிறார்கள். அவ்வளவு செலவு முடியாதவர்களுக்குக் கன்னம் படும் பகுதியை ஏற்றி இறக்கும் வசதியாவது இருக்க வேண்டும். துப்பாக்கியின் விலையை மாதக்கணக்கில் விவாதிக்கும் நம் ஆட்கள் இந்த அளவை அரை மணி நேரம்கூடப் பார்ப்பதில்லை. கட்டை பொருந்துகிறதா என்பதற்குப் பெரிய தாள் ஒன்றை நட்டு, நிதானமாக ஐந்தாறு வெடி சுட்டு, ரவை எங்கே கூடியிருக்கிறது என்று பார்ப்பதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

ட்ராப்பில் துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் பொருத்திக்கொண்டு தட்டைக் கூப்பிடலாம். பொருத்தும் முறையில்தான் முக்கால் வேலை முடிகிறது. துப்பாக்கி கன்னத்துக்கு வர வேண்டும். கன்னம் குனிந்து துப்பாக்கியைத் தேடிப் போகக் கூடாது. வீட்டிலேயே, தோட்டா இல்லை என்று இரண்டு முறை திறந்து பார்த்த பிறகு, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழலை மெதுவாக ஓட்டிப் பழகலாம். குழல் கோட்டைவிட்டு ஆடினால் கை இழுக்கிறது என்று பொருள். இழுப்பது இடுப்பாக இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து மேலே உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். முன்காலில் சற்றே கூடுதல் எடை. ஒன்றாம் மேடையில் நிற்கும் கோணமும் ஐந்தாம் மேடையில் நிற்கும் கோணமும் ஒன்றல்ல. பாதத்தைத் திருப்பி வைக்காமல் நின்றால், ஐந்தாம் மேடையில் வலப்பக்கம் விலகும் தட்டுக்கு இடுப்பு பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகு குரல். கண் அலைபாயும்போது கூப்பிடக் கூடாது. பதுங்குகுழியின் விளிம்புக்குச் சற்று அப்பால், எதையும் உற்றுப் பார்க்காமல், பார்வையை விரித்து நிறுத்த வேண்டும். தட்டு அந்தப் பார்வைக்குள் தானே வரும். வெளியே பாய்ந்த மறுநொடி அது வெறும் கோடாகத்தான் தெரியும். அந்தக் கோட்டைத் துரத்தினால் துப்பாக்கி பதறும். அது தட்டாகத் தெளியும்வரை காத்து, பின்னாலிருந்து அதன் பாதையிலேயே குழலை ஓட்டி, தட்டைக் கடக்கும்போது வெடிக்க வேண்டும். வெடித்த பிறகும் குழல் ஓட வேண்டும். இதற்கெல்லாம் முழு ஒரு நொடிகூடக் கிடையாது. இதை நினைத்துச் செய்ய முடியாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் தோட்டா போடுவதிலிருந்து கூப்பிடுவதுவரை ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் செய்கிறார்கள். ஒன்று தப்பினாலும் அந்த வரிசை கலையக் கூடாது. ஷாத்தோரூவின் இரண்டாம் நாளில் நான் வியப்பது ஐம்பது தட்டை அல்ல. பதக்கம் இனி இல்லை என்று தெரிந்த பிறகும் ஒருவர் ஐம்பது தடவை அதே ஒழுங்கோடு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியிருக்கிறார்.

நம் ஊரில் ஒரு கூடுதல் பாடம் காற்று. ஆடி மாதத்தில் மேல்காற்று எதிரே அடித்தால் தட்டு மேலே எழும்பும். முதுகுப் பக்கமிருந்து அடித்தால் அமுங்கித் தாழப் பறக்கும். காலையில் பழகிய உயரத்தை மாலையில் நம்பக் கூடாது.

இது ராஜாக்கள் விளையாட்டு என்று சொல்வார்கள். பொய் இல்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1962-ல் கெய்ரோவில் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி வாங்கிய கர்ணி சிங் பிகானேர் மகாராஜா. 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. பயிற்சிக்கு ஒரு ரவுண்டு என்றால் 25 தட்டும் ஐம்பது தோட்டாவரையும் புகையாகப் போகும். ஆனால் பறப்பதைச் சுடும் கண் அரண்மனைக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. துவாக்குடியை அடுத்த தேவராயநேரியின் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் தேடி அலைந்த தலைமுறை இன்னும் நினைவில் இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது சரிதான். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் ஒருவரையாவது ட்ராப் மேடைக்குக் கூட்டிவர யாருக்கும் தோன்றாததுதான் எனக்கு உறுத்துகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பர் கடைசியில், பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்தபோது, நார்த்தாமலையில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து சில நாட்களில் இறந்தான். ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். ட்ராப் ரவை சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். அதற்காக இந்த விளையாட்டில் அலட்சியம் கிடையாது. மேடைக்கு வெளியே துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்க வேண்டும், குழல் காலியாக இருப்பது அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: உரிமம் வாங்க 21 வயது ஆக வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் அங்கீகாரம் பெற்ற கிளப்பில், மேற்பார்வையில் பழகலாம். திருச்சி ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கி ஒழுக்கம் படியும். ட்ராப் வேண்டுமென்றால் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் பக்கம் போக வேண்டும். போகும்போது சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை உடைந்தது என்று எழுத வேண்டாம், அதை நடுவர் எழுதுவார். தப்பியவற்றை எழுதுங்கள்: எந்த மேடை, இடமா வலமா நேரா, முதல் வெடி பின்தங்கியதா, கன்னம் கட்டையை விட்டு எழுந்ததா. பத்து ரவுண்டு முடிந்து புரட்டினால் தப்பியவை எல்லாப் பக்கமும் சிதறியிருக்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மேடையில், ஒரே பக்கத்துத் தட்டில் வந்து குவிந்திருக்கும். அடுத்த முறை அந்த மேடையில் மட்டும் நின்று, அந்தத் தட்டை மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள்.