தியடோர் அபூ குர்ராவும் திருவுருவ வணக்கமும்

திருவுருவ வழக்கு என்றவுடன் ஆராய்வோர் கான்சுடாண்டிநோபிளையே நோக்குவர். 754இல் கூடிய சங்கம் திருவுருவங்களை விலக்கியதும், 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் அவற்றை மீட்டதும், 815இல் மீண்டும் எழுந்த தடை 843இல் ஒழிந்ததும் பலரும் அறிந்தனவே. ஆயின், அப்பேரரசின் எல்லைக்கு அப்பால், அப்பாசியர் ஆட்சியின்கீழ் அரபு மொழியில் எழுதப்பெற்ற நூல் ஒன்று இவ்வழக்கிற்கு வேறொரு முகம் உண்டென்பதைக் காட்டுகின்றது. அதன் ஆசிரியர் மெசபத்தோமியாவின் அர்ரான் நகரத்து ஆயர் தியடோர் அபூ குர்ரா ஆவார்.

அரபு மொழியில் கிறித்தவ இறையியல் வரைந்தோருள் பெயர் அறியப்பெற்ற முன்னோடி இவர். இவருக்கு முன் இப்பொருளை எழுதிய தமாசுகசு யோவான் கிரேக்கத்தில் எழுதினார். அதனைக் கற்றோரே படிப்பர். அபூ குர்ராவோ ஆள்வோரும் அண்டை வீட்டாரும் பேசிய மொழியிலேயே எழுதினார். இந்நூலின் படி ஒன்று 877இல் பாலத்தீனத்து மார் கரித்தோன் மடத்தில் இரம்லா ஊரினரான சுடீபனால் எழுதப்பெற்று, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. நூல் தோன்றி ஒரு நூற்றாண்டு நிரம்புமுன் எழுந்த படி கிடைத்தல், சுவடிப் பதிப்பில் உழல்வார்க்குப் பொறாமை தருவதே. இசுலாமிய உயர்குடியிற் பிறந்து கிறித்தவராகி 799இல் கொலையுண்ட அந்தோனியாரைத் தம் காலத்தவராக நூல் குறிப்பதால், அது அவ்வாண்டிற்குப் பிற்பட்டது என்பது தெளிவு.

நூல் எழுந்த காரணம் யாது? எதெசா நகரக் கிறித்தவர் சிலர், கிறித்துவின் உருவத்தின் முன்னும் தூயோர் உருவங்களின் முன்னும் தலைதாழ்த்தலைக் கைவிட்டனர். யூதரும் முசுலிம்களும் செய்த ஏளனமே காரணம். கையால் எழுதப்படாதது என்று போற்றப்பட்ட கிறித்துவின் திருமுகச் சீலை அந்நகரத்திலேயே இருந்தது என்பதனை எண்ணின், செய்தியின் கடுமை விளங்கும்.

அந்நூற்றாண்டின் மனநிலைக்கு யோர்தானின் கோயில் தளங்களும் சான்று பகர்கின்றன. ஆங்குள்ள பதிகல் ஓவியங்கள் பலவற்றில் மாந்தர், விலங்குகள் ஆகியவற்றின் உருவங்கள் பெயர்க்கப்பட்டுள்ளன. மாயின் என்னும் ஊரில் எருதின் உடல் நீக்கப்பட்டு ஆண்டு ஒரு செடி பதிக்கப்பட்டது. எருதின் குளம்புகள் எஞ்சி நிற்கின்றன. அழித்த இடத்தை இவ்வளவு பொறுமையாக நிரப்பியோர் அக்கோயிலாரே ஆதல் வேண்டும் என்பர்.

வழக்கின் உயிர்நிலை 'சுசூது' என்னும் அரபுச் சொல்லில் உள்ளது. நெற்றி நிலந்தோய வீழ்தலை அது குறிக்கும். இறைவன்முன் செய்யும் அச்செயலைப் பலகையில் எழுதிய உருவின்முன் செய்யலாமோ என்பதே எதிரிகள் வினா. அபூ குர்ரா சொல்லை விரித்துப் பொருளைப் பகுக்கின்றார்: வழிபாடாகிய வீழ்தல் ஒன்று, மதிப்பாகிய வீழ்தல் மற்றொன்று. ஆபிரகாம் ஏத்தின் மக்கள்முன் வணங்கினார். யாக்கோபு தமையனாகிய ஏசாவின்முன் எழுமுறை வீழ்ந்தார். ஆதம்முன் வீழுமாறு வானவர் பணிக்கப்பட்டனர் எனக் குர்ஆனும் கூறுகின்றதே என எதிரியின் நூலையே சான்றாக்குகின்றார். செயல் ஒன்றாயினும் செய்வான் கருத்தே அதன் பொருளை உறுதி செய்யும் என்பது அவர் முடிபு. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'ஆராதனை' இறைவனுக்கே உரியதாகவும், 'வணக்கம்' தூயோர்க்கும் உரியதாகவும் நிற்றல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தமிழில் சொல்லே வேறுபடுதலின் விளக்கம் எளிது. அரபில் ஒரு சொல்லே இரண்டிற்கும் நின்றமையால் ஆயர் இத்துணை வாதிட நேர்ந்தது.

இவ்வாதம் நம்பிக்கையாளரைத் தேற்றும். ஏளனஞ் செய்வாரை வாயடைக்கும் எனல் அரிது. அவர் கண்டது வளைந்த உடலையேயன்றி உள்ளக் கருத்தையன்று. ஆயின் அபூ குர்ராவின் மற்றொரு வாதம் வலியுடையது. ஓவியம் என்பது கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒருங்கே விளங்கும் எழுத்து என்கிறார். கடவுளின் பெயர் எழுதிய ஏட்டை மதிப்பவன், அதே பொருளை வண்ணத்தால் எழுதிய பலகையை இகழ்தல் எங்ஙனம்? 696-97 அளவில் கலீபா அப்துல் மாலிக் காசுகளிலிருந்து உருவத்தை நீக்கி எழுத்தையே பொறித்தார். அத்தகைய நாட்டில் உருவமும் எழுத்தே என வாதிட்டமை குறிக்கொளத்தக்கது.

787ஆம் ஆண்டுச் சங்கத்தை இந்நூல் ஓரிடத்தும் எடுத்தாளவில்லை. தம் பிற எழுத்துகளிலும் அவர் ஆறு பொதுச் சங்கங்களையே எண்ணுகின்றார். பேரரசர் ஆணையும் சங்கத் தீர்ப்பும் எட்டாத நிலத்தில், அவர் திருமறைச் சான்றையும் முன்னோர் வழக்கையும் சொற்பொருளையுமே துணைக்கொண்டார்.