மானாவாரிச் சாகுபடியும் கடன் தவணையும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள வன்னியம்பட்டி முதலிய கிராமங்களின் சாகுபடி, வடகிழக்குப் பருவ மழையையும் அது நிரப்பும் கண்மாய்களையும் பெரிதும் நம்பியுள்ளது. மழை பொய்த்தாலும் அளவு மிஞ்சினாலும் குடியானவருக்கு நஷ்டமே. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களைப் பாழாக்கிய பெருமழை இதற்குச் சமீபத்திய உதாரணமாகும்.

கடன்பட்ட குடியானவரைச் சட்டத்தால் காப்பது நமக்குப் புதிதன்று. 1904ஆம் வருஷச் சட்டத்தால் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. 1938ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளி, அசலை மட்டும் நிறுத்தியது.

இக்காலத்தில் ஈடின்றிச் சிறு கடன் வழங்கும் கம்பெனிகள் கிராமந்தோறும் வந்துள்ளன. வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு அவை அளிக்கும் கடன் பற்றி, ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதிகளுள் முக்கியமானவை வருமாறு:

1. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மிகலாகாது.

2. முன்கூட்டியே கடனைத் தீர்ப்பவரிடம் அபராதம் வாங்கலாகாது.

3. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன்காரரை அழைத்து வசூலுக்கு நெருக்கலாகாது.

4. கடன் வாங்குவோரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைக்க ஒவ்வொரு கம்பெனியும் வழி வகுத்திருத்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே மானாவாரிக் குடியானவர் கவனிக்கத்தக்கது. பருத்தியோ மக்காச்சோளமோ விற்ற பணம் மாதந்தோறும் கைக்கு வருவதன்று. வருஷ வருமானத்தைப் பன்னிரண்டாக வகுத்துக் கணக்கிடின் தவணை எளிதாகத் தோன்றும். ஆனால் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன் வாங்க நேரிடும். ஆதலின் கையெழுத்திடுமுன்பே அறுவடையை ஒட்டித் தவணை வைக்குமாறு கேட்டு, அதனை எழுத்தில் பெறுதல் அவசியம். சாகுபடிச் செலவிற்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் கிடைக்குமாயின் அதனையே முதலில் நாடுவது நலம்.

மழையால் வரும் நஷ்டத்திற்குப் பயிர்க் காப்பீடே துணை. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி திட்டத்தில் காப்புத் தொகையில் காரிப் உணவுப் பயிர்களுக்கு 2 சதவிகிதமும், ராபிப் பயிர்களுக்கு 1.5 சதவிகிதமும், பருத்தி முதலிய பணப்பயிர்களுக்கு 5 சதவிகிதமும் குடியானவர் செலுத்தும் உச்ச பிரீமியமாகும். இதற்கு அடங்கல் வேண்டியிருத்தலால், கிராம நிர்வாக அலுவலர்கள் வயலை நேரிற் கண்டு, விதைத்த பயிரை உள்ளபடி பதிந்து, காலந்தாழ்த்தாது சான்று வழங்குதல் வேண்டும். கெடு கடந்தபின் தரும் சான்றினால் குடியானவருக்குப் பயனில்லை.